அறுந்து போகாத கம்பி

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். கவிதை எழுத நம் பிரிவில் ஏற்கெனவே கியூ நிற்கிறது. ஆகவே நான் என் ப்ராஜெக்ட் கதையையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கறம்பக்குடி. அப்பா அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடக்கிறது. பட்டறைக் கூரையின் தகர ஷீட்டுகள் அடுத்தவர் கொல்லையில்! ஷீட்டைப் பிடித்திருந்த ஜே போல்ட்டுகளை அப்பா பொறுக்கி ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்தார். சிலது கொக்கி நிமிர்ந்திருந்தது. சிலது மரை வெட்டிய இடத்தில் பட்டென்று அறுந்திருந்தது. "இம்புட்டுத் தடிக் கம்பி எப்புடிடா அறுந்துச்சு?" என்று அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் கேட்பார். நான் டிப்ளமோ சேர்ந்ததும் கேள்வி என் தலையில் விழுந்தது.

அதனால்தான் ப்ராஜெக்ட் என்றதும் டென்சைல் டெஸ்ட்டைக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பது என்று பிடிவாதமாக நின்றேன். முதலில் நிஜக் கம்பி. 10 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கேஜ் நீளம், சாதா மைல்டு ஸ்டீல். நம் லேப் யூ.டி.எம்.மில் மாட்டி இழுத்தோம். 22 கிலோநியூட்டனில் ஈல்டு ஆனது. 34.5 வரை ஏறியது. பிறகு நடுவில் கழுத்து மெலிந்து, 'டப்' என்று அறுந்தது. ஒட்டவைத்து அளந்தால் 64 மி.மீ. இதுவரை எல்லாம் ரெக்கார்டு நோட்டில் உள்ளபடிதான்.

இனி கம்ப்யூட்டர். கம்பியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் எவ்வளவு நகர்கிறது என்று கணக்குப் போட்டு, மொத்தத்தையும் சேர்ப்பதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் 1960-இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆன்சிஸ் பதிப்பில் கட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. கம்பி உருண்டைதானே, அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றுதானே என்று நெடுக்குவெட்டில் கால்வாசியை மட்டும் வரைந்து சமாளித்தேன்.

ரன் கொடுத்தேன். 29 கிலோநியூட்டனைத் தாண்ட மாட்டேன் என்கிறது! மூன்று நாள் மெஷ்ஷை மாற்றிப் பார்த்தேன், சாஃப்ட்வேரைத் திட்டினேன். தப்பு என்னுடையது. லேப் கிராஃபில் நாம் போடுவது விசையை ஆரம்பப் பரப்பால் வகுத்த ஸ்ட்ரெஸ். கம்பியோ இழுக்க இழுக்க மெலிகிறது. சாஃப்ட்வேருக்கு வேண்டியது அந்தந்த நேரத்துப் பரப்பால் வகுத்த 'ட்ரூ ஸ்ட்ரெஸ்'. கழுத்து விழும் வரைக்கும் கணக்கு சுலபம்: ஸ்ட்ரெய்ன் 0.20, ஸ்ட்ரெஸ் 440 எம்.பி.ஏ. என்றால், 440-ஐ 1.2-ஆல் பெருக்க வேண்டும், 528. ஸ்ட்ரெய்னையும் லாகரிதம் எடுத்து 0.182 என்று கொடுக்க வேண்டும். திருத்திப் போட்டதும் 34-ஐத் தாண்டியது. அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் டீ என் செலவு.

ஆனால் அடுத்த வேடிக்கையைக் கேளுங்கள். கழுத்தே விழவில்லை! கம்பி முழுக்க ஒரே சீராக நீண்டுகொண்டே போகிறது. யோசித்தால் நியாயம்தான். நான் வரைந்த கம்பியில் எந்த இடமும் இன்னொரு இடத்தைவிட பலவீனமில்லை. அது எங்கே மெலியும்? நடுவில் விட்டத்தை 10-லிருந்து 9.95 ஆக்கினேன். கண்ணுக்கே தெரியாத குறை. உடனே அங்கே கழுத்து விழுந்தது. கழுத்தின் நடு மையத்தில், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாத இடத்தில், இழுவிசை அதிகமாகிச் சிவப்பாகத் தெரிந்தது. லேப்பில் அறுந்த துண்டு கிண்ணமும் கூம்புமாக இருந்ததே, விரிசல் அந்த மையத்தில்தான் பிறக்கிறது. படித்ததுதான். ஆனாலும் திரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

இதை அப்பாவிடம் காட்ட லேப்டாப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கம்பி ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே இருந்தது.

"எப்ப அறும்?"

"இது அறாதுப்பா. எங்க அறணும்னு நாமதான் தனியா விதி எழுதிக் கொடுக்கணும்."

"அறாத கம்பியை வச்சுக்கிட்டு எனக்கு என்னடா சொல்ல வர்ற?"

எனக்குச் சுருக்கென்றது. பெயிண்ட் டப்பாவிலிருந்து ஒரு 8 மி.மீ. போல்ட்டை எடுத்துக் காகிதத்திலேயே கணக்குப் போட்டேன். கம்பியின் பரப்பு 50.3 சதுர மி.மீ. மரை வெட்டிய இடத்தில் கணக்கில் எடுக்க வேண்டியது 36.6 மட்டும். கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. நம் கம்பியின் 440-ஐ வைத்துப் பார்த்தால், தண்டு 22 கிலோநியூட்டன் தாங்கும்; மரை 16 தான். நான் திரையில் 0.05 மி.மீ. குறை வைத்தேன், போல்ட்டில் மரை வெட்டும்போதே குறை வந்துவிடுகிறது.

அப்பா போல்ட்டை வாங்கி அறுந்த முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அப்போ தண்டு தடிமனைப் பாத்து வாங்குனது என் தப்பு." தப்பென்று சொல்ல முடியாது, காற்று எவ்வளவு விசையில் தூக்கியது என்று நாம் அளக்கவில்லையே என்றேன். அவர் காதில் விழவில்லை. டப்பாவைக் கிளறி இன்னொன்றை எடுத்தார். அது கொக்கி நிமிர்ந்தது.

"சரி, இது அறவே இல்லையே. இதுக்கு என்ன சொல்ற?"

அது இழுவை இல்லை, வளைவு. என் மாடலில் கொக்கியே கிடையாது. அடுத்த வாரம் வரைகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த போல்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.