லோ யாட் கணினிச் சந்தையில் ஒரு நாள்

கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் பத்துமலையைப் பார்ப்பார்கள். இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். மஸ்ஜிட் இந்தியாவில் சேலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஆனால் பிள்ளைகள் மேற்படிப்புக்குக் கிளம்பும் காலம் வந்துவிட்டால் இன்னோர் இடத்தின் பெயரும் வீட்டில் அடிபடத் தொடங்கும். புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இருக்கும் லோ யாட் பிளாசாதான் அது. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தப் பல மாடிக் கட்டடத்தில், மாடிக்கு மாடி கணினியும் கைப்பேசியும் விற்கும் கடைகள் நிறைந்திருக்கின்றன.

எங்கள் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இருவரும் எங்கள் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்தவர்கள். பெண்ணுக்குக் கணக்கியல் டிப்ளோமா. பையனுக்கு அனிமேஷன் எனப்படும் அசைவுப்பட வரைகலை. இருவருக்கும் மடிக்கணினி கட்டாயம் வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. "நீங்களும் கூட வாங்க டீச்சர்" என்று இரு வீட்டாரும் அழைத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஐந்து பேராகக் கிளம்பினோம்.

தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் ரயில் ஏறியபோதே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. பெண்ணின் தந்தை செம்பனைக் குலை வெட்டுகிறவர். கூட்டுப் பணம் 4,000 வெள்ளியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல முதன்முதலா காலேஜுக்குப் போற பிள்ளை டீச்சர். இருக்கிறதுலயே பெருசா, அந்த கேமிங் லேப்டாப்பை வாங்கிக் கொடுத்துடணும்" என்றார். பையனின் தாயார் உரம் போடும் வேலை செய்பவர். கணவர் அன்று டிராக்டர் ஓட்டப் போய்விட்டதால் தனியாக மகனுடன் வந்திருந்தார். அவரிடம் 4,200 வெள்ளி இருந்தது. அதில் கணினிக்கு 2,000. மீதி 2,200 கட்டணத்துக்கும் தங்கும் விடுதிக்கும். "சின்னதா ஒண்ணு போதும் டீச்சர். கேமிங் எல்லாம் வேணவே வேணாம். ராத்திரி முழுக்க விளையாடிக்கிட்டே கிடப்பான்" என்றார். பையன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். விலை கூடிய கணினி என்பது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆகவே, கடை ஏறும் முன்பே இதைப் பற்றித் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ரயில் ஓடும். பேசுவதற்கு அவகாசம் இருந்தது.

கலும்பாங், கோல குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா என்று நிலையங்கள் வந்து போயின. செம்பனைக் காடுகள் மறைந்து வீடமைப்புப் பகுதிகள் தொடங்கும் இடத்தில் ரவாங் வந்தது. இந்த ரவாங்கில்தான் 1894ஆம் ஆண்டு, லோக் இயூ என்ற சீன வணிகரும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின்சார இயந்திரம் நிறுவினார்கள். இந்நாட்டு மின்சார வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொன்னதும் பிள்ளைகள் இருவரும் நிலையத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையே கணக்காக்கினோம். சாதாரண மடிக்கணினி எழுத்து வேலை செய்யும்போது ஏறக்குறைய 20 வாட் எடுக்கும். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. கேமிங் கணினி முழுப் பலத்தோடு ஓடும்போது 150 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே 4 மணி நேரத்துக்கு மாதம் 18 யூனிட் ஆகும். கணக்கியல் படிக்கப் போகும் பெண் இதை வாயாலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள்.

"அப்படி அதுக்குள்ள என்னதான் இருக்கு டீச்சர்?" என்று தாயார் கேட்டார். தோட்டத்துப் பாஷையிலேயே சொன்னேன். வேலைக்காட்டுக்குப் போய்வர கப்சாய் மோட்டார் போதும். எண்ணெய்யும் குறைவு, சந்து பொந்திலும் நுழையும். ஆனால் குலைகளை ஏற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டுமானால் லோரிதான் வேண்டும். சாதாரணக் கணினி கப்சாய் மாதிரி. கேமிங் கணினி லோரி மாதிரி. படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சில்லும், அது சூடாகாமல் இருக்கப் பெரிய விசிறிகளும் அதில் இருக்கின்றன. விளையாட்டுக்காக அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆனால் வீடு கட்டும் வரைபடத்தை முப்பரிமாணத்தில் காட்டுவதற்கும், அசைவுப் படம் செய்வதற்கும், வீடியோவைத் தொகுப்பதற்கும் அதே சில்லு உதவுகிறது.

தாயார் பதில் சொல்லவில்லை. பையன் மட்டும் முதல் முறையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

1910ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் வெள்ளைக் கோபுரங்களைக் கடந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து நூ சென்ட்ரல் கடைத்தொகுதி வழியாக நடந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் மோனோரயில் நிலையம். 2003ஆம் ஆண்டு முதல் ஓடும் இந்த ரயில், வீதிகளுக்கு மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் வளைந்து வளைந்து போகிறது. முதல் நிலையத்தின் பெயரே துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்க முடிந்தது. பெண்ணின் தந்தை நிலையப் பெயர்ப் பலகையைப் பார்த்து, "எங்க அப்பா அதுல பங்கு வச்சிருந்தாரு டீச்சர்" என்றார்.

மகாராஜாலேலா அருகே மெர்டேக்கா 118 கட்டடம் தலைக்கு மேல் நிற்கிறது. 678.9 மீட்டர் உயரம். உலகிலேயே இரண்டாவது உயரமான கட்டடம். அடுத்து ஹங் துவா. பழைய புடு சிறைச்சாலை இருந்த இடத்தில் இன்று கடைத்தொகுதியும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன. அதற்கடுத்த இம்பியில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் லோ யாட்.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லோ யாட் என்பவர் கட்டுமானத் தொழிலில் உயர்ந்த ஒரு சீனப் பெரியவர். 1957இல் நாடு சுதந்திரம் பெற்ற நேரத்தில் திறக்கப்பட்ட ஃபெடரல் ஹோட்டல் அவர் எழுப்பியது. அந்த ஹோட்டலை ஒட்டியே அவர் பெயரில் இந்தக் கட்டடம் நிற்கிறது.

உள்ளே நுழைந்ததும் குளிரும் கூட்டமும் சேர்ந்து வரவேற்றன. நகரும் படிக்கட்டில் ஏற ஏற, நான்கு பக்கமும் கண்ணாடிக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஓர் இளைஞர் நின்று, விலைப் பட்டியலை நீட்டி, "அங்கிள், என்ன தேடுறீங்க?" என்று மலாயில் அழைக்கிறார். சந்தையில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. எவரும் கோபித்துக்கொள்வதில்லை. "சும்மா பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு நடக்கலாம்.

கேமிங் கணினிகள் இருக்கும் பக்கம் திருவிழாக் கடை போல இருந்தது. விசைப்பலகைகளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் மாறி மாறி எரிந்தன. பெண்ணின் தந்தை அங்கேயே நின்றுவிட்டார். 3,999 வெள்ளி என்று எழுதியிருந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "இதுதாம்மா" என்று மகளிடம் சொன்னார்.

கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. உடனே விற்றுவிடாமல், "என்ன படிப்பு அங்கிள்?" என்று கேட்டார். கணக்கியல் என்றதும், அந்தக் கணினியை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தார். இரண்டேகால் கிலோவுக்கு மேல் கனம். செங்கல் அளவுக்கு இருந்த மின்னேற்றியையும் மேலே வைத்தார். பிறகு பக்கத்துக் கடைப் பகுதியிலிருந்து சாதாரண மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றரைக் கிலோதான். விலை 2,099 வெள்ளி. மின்னேற்றி உள்ளங்கைக்குள் அடங்கியது.

"அப்பா, விடுதியிலருந்து வகுப்புக்குத் தினமும் நான்தானே தூக்கிக்கிட்டுப் போகணும்" என்றாள் பெண். "கணக்குப் பேரேடு எழுதறதுக்கு இது போதும்ப்பா. இதுல பேட்டரியும் அரை நாளுக்கு மேல நிக்குமாம். அது ரெண்டு மூணு மணி நேரம்தானாம்."

தந்தை சற்று நேரம் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனத்தில் இருந்தது கணினி மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. மகளுக்குக் குறைவாகச் செய்துவிட்டோம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. "அண்ணே, நல்ல அரிவாள்னா உங்க கைக்கு ஏத்த அரிவாள்தானே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சரி, அவ சொன்னதையே எடுங்க" என்றார். வாங்கும் முன் மூன்று விஷயங்களை உறுதி செய்தோம்: நினைவகம் 8 ஜிகாபைட்டுக்குக் குறையாமல், பின்னால் கூட்டிக்கொள்ளும் வசதியோடு இருக்க வேண்டும், சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையில் 512 ஜிகாபைட்; விண்டோஸ் 11 முறையான உரிமத்தோடு.

அடுத்தது பையன் முறை. அவன் கல்லூரிக் கடிதத்தைக் கடைக்காரத் தம்பி வாங்கிப் படித்தார். 16 ஜிகாபைட் நினைவகம், தனி வரைகலைச் சில்லு என்று அதில் அச்சடித்திருந்தது. தாயார் காட்டிய 1,800 வெள்ளிக் கணினியில் இரண்டுமே இல்லை. ஒரு சிறு அசைவுப் படத்தை இரண்டு கணினிகளிலும் ஓடவிட்டுக் காட்டினார். ஒன்றில் படம் தடங்கித் தடங்கி நின்றது. மற்றொன்றில் தண்ணீர் போல ஓடியது. அந்த மற்றொன்று கேமிங் வகை. விலை 3,599 வெள்ளி.

தாயார் முகம் வாடிவிட்டது. "அப்ப இவன் விளையாட மாட்டானா டீச்சர்?" என்றார்.

விளையாட மாட்டான் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை விளையாடத்தான் செய்வான். கைப்பேசியில் இப்போதே விளையாடுகிறான். ஆனால் படிப்புக்கு வேண்டிய கருவி இல்லாமல் அனுப்பினால், முதல் பருவத்திலேயே பின்தங்கி, நண்பர்களின் கணினிக்குக் காத்து நிற்பான். அதைத்தான் சொன்னேன். பையனும், "வேலையை முடிச்சிட்டு, வாரக் கடைசியில மட்டும்மா" என்று மெல்லச் சொன்னான்.

ஆனால் பணம்? 3,599 போனால் மீதி 601 வெள்ளிதான். விடுதிக்கும் கட்டணத்துக்கும் 2,200 வேண்டும். கல்விக் கடனோ பதிவுக்குப் பிறகுதான் கைக்கு வரும். தாயார் கைப்பையை மூடிக்கொண்டு நின்றார்.

அப்போது பெண்ணின் தந்தை சட்டைப்பையிலிருந்து 1,600 வெள்ளியை எண்ணி எடுத்தார். மகளின் கட்டணத்தை அவர் முன்பே கட்டிவிட்டார். "தங்கச்சி, இதை வச்சுக்க. ஆறாவது கூட்டு உன்னோடது தானே? எடுத்ததும் கொடு. பையன் படிக்கட்டும்" என்றார். தாயார் மறுத்தும் அவர் கேட்கவில்லை. கடைக்காரத் தம்பிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, ஒரு பையும் சுண்டெலியும் விலையில்லாமல் சேர்த்துக் கொடுத்தார்.

இனி லோ யாட் போகும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்.

கல்லூரிக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கணக்கியல், நிர்வாகம், தாதிமை, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்குச் சாதாரணக் கணினி போதும். அசைவுப் படம், கட்டட வரைகலை, முப்பரிமாணப் பொறியியல் வடிவமைப்பு என்றால் தனி வரைகலைச் சில்லு வேண்டுமா என்று கல்லூரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கடையிலேயே வாங்க வேண்டாம். மூன்று கடைகளிலாவது விலையை எழுதி வாங்குங்கள். எழுத்து வேலைக்கான மென்பொருளைச் சில கல்லூரிகள் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன. விசாரித்தால் அந்தச் செலவு மிச்சம். பழைய கணினி வாங்குவதானால் விண்டோஸ் 11 அதில் ஓடுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

பெட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கணினியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திரை, விசைப்பலகை, இணைய இணைப்பு எல்லாவற்றையும் அங்கேயே சோதித்து, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கினாலும் இது பொருந்தும். பொருளில் குறை இருந்து, கடைக்காரர் கவனிக்காவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

பிள்ளையின் படிப்பு எந்தக் கருவியைக் கேட்கிறதோ அதை வாங்கிக் கொடுங்கள். அது மலிவானதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். விலை கூடியதாக இருந்தால் அஞ்ச வேண்டாம். கைப்பணம் போதாத இடத்தில் அண்டை வீட்டாரிடம் வாய் திறந்து கேட்கவும் தயங்க வேண்டாம். நம் தோட்டங்களில் அந்தப் பழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை.