குடமும் படகும்

தீவு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பெருநிலத்தில் வாழ்வோரின் மனக்கண்முன் தோன்றுவன வெண்மணற் கரையும், சாய்ந்து நிற்கும் தென்னையும், நீலக்கடலுமேயாம். தீவிற் பிறந்து வளர்ந்த ஒருவரைக் கேட்டால் அவர் முதலிற் கூறுவன வேறாக இருக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்க்காமல் இருக்கின்றது, நாளைக்குப் படகு ஓடுமா என்ற இரு கேள்விகளைச் சுற்றியே அவருடைய இளமை நினைவுகள் அமைந்திருக்கும். உணவு, உழைப்பு, கல்வி, திருமணம், பிள்ளைப்பேறு, மரணம் ஆகிய யாவும் தீவுக் குடும்பத்தில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே நடைபெறுகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பாக்கு நீரிணையில் அமைந்துள்ள நெடுந்தீவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளுட் சில தாம்போதிகளால் இணைக்கப்பட்டுவிட்டன. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் இன்று தரைவழியே போகலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குக் கடலைக் கடந்தே செல்லவேண்டும். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்டர்டாம் எனவும், வேலணை லெய்டன் எனவும் வழங்கப்பட்டதை இன்று வரலாறு கற்போரே அறிவர். டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் நெடுந்தீவை விட்டு நீங்கவில்லை. யாழ் நகரிலிருந்து பேருந்தில் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் பயணஞ் செய்தால் இத்தீவை அடையலாம்.

இத்தீவின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. ஆறு இல்லை, மலை இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே தீவின் முழுச் செல்வமாகும். பெய்த மழை கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலால் இவ்வாறு மிதக்க முடிகின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் வெவ்வேறாகக் கண்டறிந்த தொடர்பு. இதன் மறுபக்கம் அச்சந்தருவது. அளவின்றி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு. தீவுப் பெண்கள் இக்கணக்கைப் பாடசாலையிற் கற்றவரல்லர். "கிணத்தைக் கலக்காதேங்கோ, மெல்ல அள்ளுங்கோ" என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர்கள் அவர்களே.

1980களின் தொடக்கத்தில் இத்தீவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை நோக்குவோம். ஆச்சி, அவருடைய மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் மூவர் என அறுவர் அவ்வீட்டில் இருந்தனர். வளவிற் கிணறு ஒன்று இருந்ததெனினும் மாசி கழிந்ததும் அதன் நீர் உவர்க்கத் தொடங்கிவிடும். அதன்பின் அது குளிப்பதற்கும் மாடுகளுக்கும் மட்டுமே உதவும். குடிநீருக்குத் தாயும் மூத்த மகளும் விடியுமுன் குடங்களுடன் தொலைவிலுள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் செல்வர். சாராப்பிட்டிக் கிணறுகள் போன்ற நன்னீர்க் கிணறுகளே கோடையில் ஊரைக் காப்பவை. மணற்பாங்கான இடங்களிற் பூவல் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவோரும் உளர். ஒரு குடம் நிரம்பும் வரை காத்திருக்கும் நேரத்திலேதான் ஊர்ச் செய்திகள் யாவும் பரிமாறப்பட்டன. எந்த வீட்டிற் காய்ச்சல், எந்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து காசுக்கட்டளை வந்தது, எந்தப் பெண்ணுக்கு எங்கே பேச்சு நடக்கின்றது என்பன அனைத்தும் பூவலடியில் தெரிந்துவிடும்.

கொண்டுவந்த நீரைச் செலவிடுவதற்கு அவ்வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. மூலையில் மூடிவைத்த மண்பானை குடிப்பதற்கு மாத்திரம். அரிசி கழுவிய நீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பாத்திரம் அலம்பிய நீர் முருங்கையடிக்குப் போகும். முகங்கழுவுவோர் வாழையின் அருகில் நின்றே கழுவவேண்டும். விருந்தினர் வந்தால் முதலிற் செம்பில் நல்ல தண்ணீரே கொடுக்கப்படும். அதை வாங்கியவர் மிச்சமின்றிக் குடிப்பது மரியாதை. பானைக்குப் பொறுப்பானவர் ஆச்சி. கண் மங்கிய நிலையிலும் பானையைத் தட்டிப் பார்த்து, அதன் ஒலியைக்கொண்டே எவ்வளவு நீர் இருக்கின்றதென்று அவர் கூறிவிடுவார்.

நீரைப் போலவே உணவும் சேமித்து உண்ணப்பட்டது. ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழத் தொடங்கினால் வீட்டில் ஓய்வு என்பதில்லை. பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயிற் பரவிக் காயவைத்துப் பனாட்டாக்குவர். கொட்டைகளை மழைக்கு முன்னர் பாத்தியில் அடுக்குவர். தை, மாசியிற் கிழங்கு கிண்டி, பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோகும் நாட்களில் ஒடியல் மாவும், கரையிற் பிடிபட்ட நண்டும் மீனும், புளியும் மிளகாயும் சேர்ந்து கூழாகும். முற்றத்திற் பிளாக்களுடன் வட்டமாக இருந்து அறுவரும் குடித்த அக்கூழுக்கு அயல்வீட்டாரும் வந்து சேர்வர். கடையில் அரிசி இல்லாத நாள் என்பதனை அவ்வீட்டுச் சிறுவர் கூழ் குடிக்கும் நாள் என்றே விளங்கிக்கொண்டனர்.

வளவைச் சுற்றிக் கல்வேலி. குடாநாட்டில் ஆண்டுதோறும் ஓலையாலும் மட்டையாலும் வேலி அடைப்பது போலன்றி, இங்கு பவளக் கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கியே எல்லை அமைக்கின்றனர். இடைவெளிகளூடாகக் காற்றுப் புகுந்து செல்வதால் சோளகத்தின் வேகத்துக்கும் வேலி சரிவதில்லை. மாடோ, மேய்ச்சல் வெளியிலிருந்து தப்பி வந்த குதிரையோ ஒரு கல்லைத் தட்டிவிட்டால், அன்றைக்கே அதை எடுத்து வைத்துவிட வேண்டும். பாடசாலை விட்டு வரும் வழியில் விழுந்த கல்லைத் தூக்கி வைப்பது சிறுவர் வேலை. அது எவருடைய வளவு என்று அவர்கள் பார்ப்பதில்லை.

குடத்தின் சட்டத்தை வீட்டார் தாமே வகுத்துக்கொண்டனர். படகின் சட்டமோ அவர்கள் கையில் இருக்கவில்லை. வைகாசியிற் சோளகம் பெயர்ந்துவிட்டால் கடல் கறுத்து எழும். "காத்து மாறுது மோனை, நாளைக்கு லோஞ்சு ஓடாது" என்று ஆச்சி சொன்னால் மருமகன் யாழ்ப்பாணப் பயணத்தை ஒத்திவைப்பார். நோயாளியின் பயணத்தை அவ்வாறு ஒத்திவைக்க முடியாது. ஆகவே பிள்ளைப்பேற்றுக்கு நாட்கள் நெருங்கு முன்னரே கர்ப்பிணிகள் யாழ்ப்பாணத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வீட்டுக் கடைக்குட்டி பிறந்தபோது தாய் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லை. தந்தையும் ஆச்சியும் பிள்ளையை முதன்முதலிற் கண்டது இறங்குதுறையிலாகும்.

1984ஆம் ஆண்டில் மூத்த மகளின் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்தது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அதிவிசேட சித்தி. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பதாயின் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்க வேண்டும் என்பதே அவ்வீட்டார் அறிந்த வழியாக இருந்தது. தாய் ஒன்றும் பேசவில்லை. மகள் போனால் விடியற்காலைக் குடம் ஒன்று குறையும் என்பதனை அவர் கூறாமலே யாவரும் அறிந்தனர். தந்தை மூன்று நாட்கள் யோசித்தார். நாலாம் நாள், இன்னும் ஓராண்டிற் கன்று ஈனவிருந்த நாகு ஒன்றை விற்று வந்தார். ஆச்சி மட்டும், "பெடிச்சியைக் கிணத்தடியிலை கட்டிவைக்கவோ பெத்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பனாட்டைக் குட்டானில் அடுக்கத் தொடங்கினார். அதன்பின் இரண்டாவது மகள் விடியுமுன் எழக் கற்றுக்கொண்டாள்.

1985 சித்திரை விடுமுறைக்கு மூத்தவள் வந்தபோது சிறியதொரு நிகழ்ச்சி நடந்தது. படகால் இறங்கி வந்தவள் விடுதிப் பழக்கத்திற் குடத்து நீரைச் சரித்து இரு கால்களையும் தாராளமாகக் கழுவினாள். தம்பி வாயைப் பிளந்து நின்றான். தாய் அதைக் கண்டும் காணாதவர் போல அடுப்படிக்குப் போனார். மறுநாள் விடியுமுன் எவரும் எழுப்பாமலே அவள் குடத்துடன் படலையைத் திறந்துகொண்டு போனாள். விடுமுறை முடியும் வரை தங்கையை அவள் கிணற்றடிக்கு விடவில்லை.

அவள் திரும்பிச் சென்று சில வாரங்களில், 1985 மே 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெண்களும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். வந்தவர்கள் கடற்படையினர் என உயிர்தப்பியோர் கூறினர். அவ்வீட்டார் எவரும் அன்று அப்படகில் இருக்கவில்லை. எனினும் அன்று தீவில் அடுப்பெரியாத வீடுகளுள் அதுவும் ஒன்று. கடல் கொந்தளிப்புக்கு அஞ்சியவர்கள் அன்றுதொட்டு அமைதியான கடலுக்கும் அஞ்சினர். தந்தை மகளுக்கு எழுதிய கடிதம் இரண்டே வரிகள் கொண்டது: நாங்கள் சுகம், விடுமுறைக்கு வரவேண்டாம். அக்கடிதமும் அதே கடலைக் கடந்தே அவள் கைக்குச் சென்றது. ஆவணியில் அவள் வரவில்லை. ஆச்சி அவளுடைய பங்குப் பனாட்டைத் தனியாகக் கட்டிப் பரணில் வைத்தார். எறும்பு பிடிக்காமல் அடிக்கடி எடுத்து வெயிலிற் காயவிட்டு மீண்டும் கட்டினார். மார்கழியில் மகள் வந்தபோது அது கறுத்துக் கடினமாகிவிட்டிருந்தது. அவள் அதனை முழுவதும் தின்றாள்.

பின்வந்த ஆண்டுகளிற் போர் தீவக மக்களைப் பல திசைகளுக்கும் சிதறடித்தது. நெடுந்தீவார் பலர் அதற்கு முன்னரே வன்னிக் குடியேற்றங்களுக்குச் சென்று காடு வெட்டிக் கழனியாக்கியிருந்தனர். வேறு பலர் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயினர். அவ்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் தீவில் இல்லை. பூட்டிக் கிடக்கும் வளவுகளில் விழுந்த கல்லை எடுத்து வைக்கச் சிறுவர் இல்லாமையாற் கல்வேலிகள் சரிகின்றன. உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் இன்று தீவுக்கு வந்துள்ளன. கைத்தொலைபேசியில் மகளின் முகத்தைத் தாய் நாள்தோறும் காண முடிகின்றது. குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் படம் பிடிக்கக் காலைப் படகில் வருவோர் மாலைப் படகில் திரும்புகின்றனர். நீரின்றிக் கோடையில் அக்குதிரைகளுட் சில மடிந்ததுண்டு என்பதனை அவர்களுட் பலர் அறியார்.

தீவை விட்டுச் சென்றோரைப் பற்றற்றவர் எனக் கூறுவது எளிது. உலகத் தமிழாராய்ச்சிக்கு வழிவகுத்த தனிநாயகம் அடிகளாரின் தந்தைவழி வேரும் இத்தீவைச் சார்ந்ததே. தீவின் மக்கள் வெளியே சென்றதால் தமிழ் இழந்தது ஒன்றுமில்லை. ஆயின் விரும்பிச் செல்வதும் வேறுவழியின்றிச் செல்வதும் ஒன்றாகா. ஒரு விஞ்ஞான ஆசிரியர், இரவிலும் நோயாளியை ஏற்றிச் செல்லக்கூடிய ஒரு படகு, கோடையிலும் உவர்க்காத ஒரு கிணறு ஆகியவை கிடைக்காமையாற் பிரிந்த குடும்பங்களே பல. அவ்வீட்டு நாகுவின் விலை அப்பிரிவின் ஒரு சிறு பகுதி மட்டுமே.

குடத்து நீரைப் பகிர்ந்த ஒழுங்கு, விழுந்த கல்லைத் தூக்கி வைத்த பழக்கம், வராத பிள்ளையின் பங்கை எடுத்து வைத்த பொறுமை ஆகியன வறுமையிற் பிறந்தவை என்று தள்ளிவிடத்தக்கனவல்ல. எல்லை உள்ள நிலத்தில், எல்லை உள்ள நீரைக்கொண்டு பலர் கூடி வாழ்வதற்கு மனிதர் கண்ட வழிகள் அவை. நிலத்தடி நீரையும், கல்வியையும், மருத்துவத்தையும் துறைபோகக் கற்கும் தலைமுறைக்கு இவ்வழிகளின் பெறுமதி தெரிதல் வேண்டும். தண்ணீரும் படகும் உறுதியாகக் கிடைக்குமாயின், தீவிலே தங்குவதா போவதா என்பதனைக் காற்றும் கடலும் தீர்மானியாமல், அங்கு வாழும் குடும்பங்களே தீர்மானித்துக்கொள்ளும்.