கேளாத சாட்சி

தான் காண விரும்புவதையே காண்பது மனித இயல்பு. ஆய்வுக்கூடமும் இதற்கு விலக்கன்று என்பதைப் புரதப் படிகவியல் பற்றிப் படித்தபோது நான் உணர்ந்தேன்.

புரதப் படிகத்தின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் பதிவாகும். அவற்றின் செறிவை அளந்துவிடலாம். ஆனால், ஒவ்வோர் அலையும் முகடாக வந்ததா, அகடாக வந்ததா என்னும் ‘கட்டம்’ மட்டும் பதிவாவதில்லை. அஃதின்றி மூலக்கூற்றின் உருவத்தை வரைய இயலாது. இவ்விடர் தீர 1962இல் ராஸ்மனும் புளோவும் ஒரு வழிக்கு அடிகோலினர். முன்பே உருவம் அறியப்பட்ட ஒத்த புரதமொன்றை மாதிரியாகக் கொண்டு, அதைச் சுழற்றியும் நகர்த்தியும் புதிய படிகத்துள் பொருத்தி, அதன் கட்டங்களைக் கடனாகப் பெறுவதே அவ்வழி. மூலக்கூற்றுப் பதிலீடு என்பது இதுதான்.

ஆனால், கடன் பெற்றவன் கொடுத்தவனின் குரலிலேயே பேசத் தொடங்கிவிடலாம் அன்றோ? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் 1961இலேயே இதை உணர்த்தினர். ஓர் அமைப்பின் செறிவோடு வேறோர் அமைப்பின் கட்டத்தை இணைத்துக் கணித்தால், கட்டம் தந்த அமைப்பே படத்தில் மேலோங்கித் தோன்றும் என்று காட்டினர். எனவே, படம் மாதிரியைப் போலிருப்பது தீர்வு சரியென்பதற்குச் சான்றாகாது.

பிறகு எதைச் சான்றாகக் கொள்வது? பொருத்திய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமல் படிகத்தில் அடுங்கியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறார்கள். பின்னர் மாதிரியின் ஒரு பகுதியை நீக்கிவிட்டு மீண்டும் கணிக்கிறார்கள். நீக்கிய பகுதி தானாகவே படத்தில் எழுந்தால் நம்பிக்கை பிறக்கிறது. பழைய புரதத்தில் இல்லாத, புதியதற்கே உரிய கிளைகள் தோன்றினால் அந்நம்பிக்கை மேலும் உறுதிப்படுகிறது.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது, புருங்கர் 1992இல் வகுத்த முறை. அளவுகளில் 5 முதல் 10 விழுக்காட்டைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்து, மாதிரியைத் திருத்தும் பணியில் அவற்றை அறவே பயன்படுத்தாதிருக்கிறார்கள். பிறகு அவற்றிடமே தீர்ப்புக் கேட்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத சாட்சியன்றோ அது!

இத்தனை எச்சரிக்கை எதற்கு? ஏற்கப்பட்ட உருவங்கள், 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சேர்கின்றன. அவற்றை வைத்தே மருந்துகள் வடிவமைக்கப்படுகின்றன. அடுத்த ஆய்வாளர் தம் கட்டங்களுக்குக் கடன் வாங்குவதும் அங்கிருந்துதான். இன்று ஒருவர் கவனியாமல் விட்ட பிழை, நாளை மற்றொருவரின் மூலதனமாகிவிடும். உண்மையை நாடுவோர், தமக்கு உடன்படாத சாட்சிக்கும் ஓர் இருக்கையை ஒதுக்கிவைத்தல் வேண்டும்.