கண்ணுக்குத் தெரியாத மங்குகள்

முகப்பூச்சு என்றாலே நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "மஞ்சளுக்கு மிஞ்சியது எது?" என்பது பாட்டி கட்சி. "விளம்பரத்தில் வந்திருக்கிறதே!" என்பது பேத்தி கட்சி. ஆசிரியைக்கு இரண்டுக்கும் நடுவில்தான் இடம்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்து, இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி சென்ற மாதம் வந்தாள். கையில் கட்டைவிரல் அளவு குப்பி. விலை 120 வெள்ளி. "டீச்சர், இதில் லிப்போசோம், வைட்டமின் சி என்று போட்டிருக்கிறது. பூசினால் வெளுப்பேனா? பெண் பார்க்க வருகிறார்கள்" என்றாள். அவள் கேட்டதில் பாதி விஞ்ஞானம், பாதி வேதனை.

விஞ்ஞானத்தை முதலில் சொன்னேன். வெயில் பட்டால் தோலுக்குள் முரட்டு மூலக்கூறுகள் சில உண்டாகி, நல்ல அணுக்களைக் கெடுக்கும். வைட்டமின் சி, இ இரண்டும் அவற்றை அடக்கும் காவலர்கள். ஆனால் நீரில் கரைத்த வைட்டமின் சி, காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகிக் கெட்டுவிடும். தோலின் மேலடுக்கோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருந்தாலும், கொழுப்பைச் சாந்தாக வைத்துக் கட்டிய சுவர். நீரில் கரைந்தது அதற்குள் எளிதில் நுழையாது.

"நம் ரப்பர் பாலை நினைத்துப் பார்" என்றேன். பாலில் ரப்பர் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் போர்த்தியிருக்கும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை. லிப்போசோமும் அத்தகைய கொழுப்பால் ஆன குட்டி மங்குதான். 1960களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பாங்கம் என்பவர் இதைக் கண்டறிந்தார். நூறு நானோமீட்டர் அளவுள்ளவற்றை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் அடங்கும். நடுவிலுள்ள நீரில் வைட்டமின் சி. கொழுப்புச் சுவரில் வைட்டமின் இ. பாரிஸின் டியோர் நிறுவனம் 1986இல் இதை முகப்பூச்சாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் செம்பனை எண்ணெயிலிருந்து கிடைக்கும் டோக்கோட்ரையீனால் என்னும் வைட்டமின் இ வகையையும் இப்படி ஏற்றி அனுப்பலாம்.

இந்த மங்குகள் பெரும்பாலும் முழுசாக ஆழத்துக்குப் போவதில்லை. மேலடுக்கின் கொழுப்போடு கலந்து, கொண்டுவந்ததை அங்கேயே இறக்கிவிடும். காவலுக்கு அது உதவும். பிறந்த நிறத்தை மாற்ற அது வந்ததல்ல.

"அப்படியானால் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வெளுக்கும் கிரீம் விற்கிறார்களே?" என்றாள். அங்கேதான் எனக்குப் பயம். அத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியே உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தாய்மார்களே, அமைச்சின் அறிவிப்பு எண் இல்லாத எதையும் பிள்ளைகள் முகத்தில் பூசவிடாதீர்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. பலன் தருமா என்றும் விசாரியுங்கள். வெயிலில் போகும்போது தொப்பியும் நீள்கைச் சட்டையும் எந்தக் குப்பிக்கும் குறைந்தவை அல்ல.

இன்னொன்று. "கறுப்பாக இருக்கிறாளே" என்ற சொல்லை முதலில் நம் வீட்டிலிருந்து எடுத்துவிடுவோம். தோலைத் தாண்டி உள்ளே போவதற்கு அந்தச் சொல்லுக்கு எந்த மங்கும் தேவைப்படுவதில்லை.