பட்டறை கேமராவும் பந்தல் திராட்சையும்

சென்னையில் மகன் வீட்டுக்குப் போனால் மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில்தான் இறங்குவேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய இடம். லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓயாத சாலை. போன வாரம் இறங்கியதுமே கண்ணில் பட்டது, தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை. "எந்த ஊர்ச் சரக்குப்பா?" என்றேன். "கம்பம் சார், கோயம்பேட்டுல எடுத்தேன்" என்றார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திராட்சை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

மகன் தன் பட்டறைக்கு அழைத்துப் போனான். கடைசல் முடிந்து வரும் இரும்புப் பாகங்களை அங்கே கேமரா பார்க்கிறது. கீறல் இருந்தால் ஒதுக்குகிறது. நல்லது எது, பழுது எது என ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். ஆனாலும் பாகத்தைத் திருப்பி வைக்க ஓர் ஆள் நிற்கிறார். கேமரா ஒரு பக்கம்தானே பார்க்கும்!

'திராட்சை நோயைக் கேமராவே கண்டுபிடிக்குமாமே, நம் ஊருக்கு வருமா?' என்று சின்னமனூர் பக்கத்து வாசகர் கேட்டிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

கைப்பேசி வழியாக வந்தே விட்டது. மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியப் பூச்சி கண்காணிப்பு அமைப்பின் செயலி, பிளாண்டிக்ஸ் செயலி எல்லாம் படத்தைப் பார்த்துப் பூச்சி, நோயைச் சொல்பவைதான். ஆனால், வெளிநாடுகளில் பெரும்பாலும் கொடிகளை வேலிபோல் வரிசையாக நிறுத்துகிறார்கள். டிராக்டரில் கேமராவைக் கட்டி ஓட்டினால் பக்கவாட்டில் குலை தெரியும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல். மேலே ட்ரோன் பறந்தால் இலைக்கூரைதான் தெரியும்; குலை கீழே தொங்கும்.

நோயிலும் இதே சிக்கல். சாம்பல் நோய் இலையின் மேலேயே மாவு தூவியதுபோல் தெரியும். அடிச்சாம்பல் நோய்க்கு மேலே எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் திட்டு மட்டும். வெள்ளைப் பூசணம் இலையின் அடியில். கந்தகம் முன்னதற்குக் கேட்கும், பின்னதற்குக் கேட்காது. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான மேற்புறப் படத்தை நம்பி, ஒரு விவசாயிக்கு நானே கந்தகம் சொல்லியிருக்கிறேன். நாலு நாள் கழித்துத் தோட்டத்தில் இலையைத் திருப்பினால் அடியெல்லாம் வெள்ளை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் காட்ட முடியவில்லை.

ஆகவே படம் எடுக்கும்போது, காலையில், நேர்வெயில் படாமல், ஒரே இலையை மேலும் கீழுமாக இரண்டு படம் எடுங்கள். பந்தலுக்குள் நின்று குலையையும் ஒரு படம். செயலி சொன்னதும் கடைக்கு ஓடாமல், அந்த இலையோடு ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, உங்கள் தோட்டக்கலை அலுவலரிடமோ போய்க் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.