நாற்பதுக்கு மேல் ஒரு தேர்வு

நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். புதுக்கோட்டையில் பதினெட்டு ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறோம். இருவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. கீழே 'எங்களில் ஒருவர்' என்று வருமிடங்களில் அவர் யார் என்பதை நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. அது பிறகு வரும்.

கோத்ரெஜ் நிறுவனம் தட்டச்சு இயந்திரங்கள் செய்வதை 2009-லேயே நிறுத்திவிட்டது. எங்களிடம் இருப்பவை அதற்கும் முந்தையவை. ஒன்றின் உதிரிப்பாகத்தைக் கழற்றி இன்னொன்றைப் பிழைக்க வைப்பதுதான் நெடுநாளாக எங்கள் வைத்தியம். அரசுப் பணியில் தட்டச்சர் இடங்கள் இருக்கும்வரை பிள்ளைகள் வருவார்கள் என்பது உண்மை. கோடை விடுமுறையில் இடம் போதாது. பிற மாதங்களில் இயந்திரங்களின் உறைகளை நாங்களே கழற்றி நாங்களே போட்டுக்கொண்டிருக்கிறோம். சென்ற ஆண்டு கட்டட வாடகை ஏறியது. மகள் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக்கு வந்தாள். எங்களில் ஒருவர் கணினித் துறை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற பேச்சு அப்போது தொடங்கியது.

முதல் அடியிலேயே சறுக்கினோம். பெயர் வேண்டாம், பக்கத்து நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்று. வழவழப்பான கையேட்டில் 'எம்.சி.எஸ்.இ., வேலை உறுதி' என்று அச்சிட்டிருந்தார்கள். முன்பணமாகப் பன்னிரண்டாயிரம் கட்டினோம். அந்தச் சான்றிதழை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது என்பது பணம் கட்டிய பிறகே தெரிந்தது. கேட்டபோது, 'பாடம் அதுதான் சார், பெயர்தான் மாறிவிட்டது' என்றார்கள். பணம் திரும்பவில்லை. எழுத்துப்பிழை பார்த்தே வயிறு வளர்த்த நாங்கள், ஒரு கையேட்டை மெய்ப்புப் பார்க்கத் தவறினோம்.

அதன் பிறகு, சான்றிதழ் தரும் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் பாராமல் எதையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். எங்கள் முன் நின்றவை மூன்று. காம்ப்டியா ஏ-ப்ளஸ் கணினியைப் பிரித்துப் பூட்டுவதிலிருந்து தொடங்குகிறது. இரண்டு தாள்கள், தாளுக்குத் தொண்ணூறு நிமிடம், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். கணினியைத் தொட்டே இராதவருக்கு நல்ல வாசல்தான். ஆனால் நாங்கள் பார்த்த உள்ளூர் வேலை விளம்பரங்களில் அதன் பெயர் அரிதாகவே வந்தது. மைக்ரோசாப்டின் ஏ.இசட்-900 மேகக்கணிமையின் அரிச்சுவடி. எளிது, காலாவதியும் கிடையாது. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் யாரும் நாற்காலி போடமாட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது.

சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. மூன்றாவது. முன்பு பல கிளைகளாக இருந்ததை 2020 பிப்ரவரியில் ஒரே தேர்வாக்கினார்கள். ஆகவே பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த நூல்களைக் கண்டு ஏமாற வேண்டாம். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் எங்கள் மண்ணில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. பள்ளி ஆய்வகங்கள், மருத்துவமனைகள், கண்காணிப்புக் கேமராக்கள் எல்லாம் வலையமைப்பைத்தான் நம்பி நிற்கின்றன. சென்னைக்குக் குடிபெயராமல் செய்யக்கூடிய வேலை இந்தப் பக்கம் கிடைக்கலாம் என்று கணக்குப் போட்டோம். கணக்குப் பிழைக்கவும் கூடும்.

கட்டணம் 300 டாலர். வரியும் சேர்த்தால் ஏறத்தாழ 30,000 ரூபாய். தோற்றால் மறுபடி முழுத் தொகை. தேர்ந்தாலும் மூன்று ஆண்டுக்கே செல்லுபடி. எங்கள் தட்டச்சுச் சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஆயுள் முடிவு என்று எந்த அரசும் நாள் குறிக்கவில்லை.

படிப்பு இரவில். பயிற்சிக்கு உதவும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருளைச் சிஸ்கோ இலவசமாகவே தருகிறது. பயிலகத்தின் பழைய கணினியில் அது மூச்சு வாங்கி ஓடியது. முகவரிகளைக் கூறுபோடும் பாடத்தில்தான் திணறினோம். 256 முகவரிகளை 128, 64, 32, 16 என்று பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கூறில் 64 இருந்தால் கருவிகளுக்குக் கிடைப்பது 62 மட்டுமே. முதலாவது அந்தக் கூறின் பெயருக்கும் கடைசி பொது அறிவிப்புக்கும் போய்விடும். பிள்ளைகளின் அப்பத்தா ஒருநாள் எட்டிப் பார்த்து, 'இது அரை, கால், அரைக்கால், மாகாணிதானே?' என்றார். ஆமாம்: 128 அரை, 64 கால், 32 அரைக்கால், 16 மாகாணி. அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு பிரித்த கணக்கு. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் கொஞ்சம் விட்டுத்தானே பங்கு பிரிக்கிறோம்! அன்றிலிருந்து அந்தப் பாடம் கையில் நின்றது.

அப்பத்தா 1991-இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நாளில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். அந்த அலையில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவரும் பழகி முழங்கால் தழும்பு வாங்கினார். 'ரெண்டு பேருமே படிக்கிறீகளே, பரிட்சைக்குப் போறது யாரு?' என்று அவர்தான் கேட்டார். அந்தக் கேள்வியை இருவருமே தள்ளிப்போட்டிருந்தோம். இருப்பது ஒரு கட்டணத்துக்கான பணம். மாதிரித் தேர்வுகளை இருவரும் எழுதி, மதிப்பெண் கூடியவர் போவது என்று தீர்மானித்தோம். பத்தில் ஆறு முறை முந்தியவர் போகிறார். நான்கு முறை முந்தியவர் இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. தோற்றால் ஊரார் கேள்விக்கு இருவரும் சேர்ந்தே பதில் சொல்வது என்பது உடன்பாடு. பெயர் சொல்லாததன் காரணம் இதுதான்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள். ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, இணையமும் மின்சாரமும் நடுவில் போகக்கூடாது. எங்கள் வீட்டில் இவை நடக்கிற காரியமல்ல. ஆகவே திருச்சி மையத்தில் பதிந்தோம். படிவம் முதற்பெயர், கடைப்பெயர் என்று கேட்டது. அடையாள அட்டையிலோ தலைப்பெழுத்து மட்டும். தந்தை பெயரை எந்தக் கட்டத்தில் இடுவது என்று ஒரு மாலை முழுதும் விவாதித்தோம். தட்டச்சுத் தேர்வில் அடித்த எழுத்தை அழிக்க முடியாது; இதிலும் கடந்த கேள்விக்குத் திரும்ப முடியாதாம். அந்த வகையில் எங்களுக்குப் பழக்கமான தேர்வுதான்.

வரும் மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி. பயிலகத்துக்கு அன்று விடுமுறை இல்லை; இன்னொருவர் திறந்து வைத்திருப்பார்.