கெணத்துக் குளியலும் காது வலியும்

கோடை லீவுன்னா எங்க ஊர்ப் பசங்க பாதி நேரம் கெணத்துக்குள்ளதான். காதுல தண்ணி ஊறி ஊறி எவனாவது வலின்னு வருவான். இந்தத் தடவை அண்ணன் மகன். காது மடலை லேசா இழுத்தாலே அலறினான். அப்பத்தா பூண்டு எண்ணெய் காய்ச்சக் கெளம்புச்சு. செவிப்பறையில ஓட்டை இருந்தா வம்பாயிடும்னு தடுத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். லைட் அடிச்சுப் பார்த்தவர், செவிப்பறை நல்லாருக்கு, வெளிக்காதுலதான் கிருமின்னார். மாத்திரை இல்லை, சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து மட்டும், ஏழு நாள். நேரா புண்ணு மேலயே படுறதால அதுவே போதுமாம். பாட்டிலை உள்ளங்கையில வெச்சுச் சூடேத்தித்தான் விடணும். சில்லுன்னு விட்டா தலை சுத்தும். விட்டதும் அஞ்சு நிமிஷம் ஒருக்களிச்சுப் படுக்கணும். தலைக்குத் தண்ணி கூடாது. மூணாம் நாளே வலி போச்சு. மிச்ச நாலு நாளும் சொட்டு விட அவனைத் துரத்திப் பிடிச்சது அப்பத்தாதான்.